தோளுக்கு மேலே

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. அந்தக் காலத்தில் மார்பில் புற்று என்றால் மார்போடு அடியிலுள்ள தசையையும் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று படித்தேன். பிழைத்தவர்களுக்குக் கை சரியாக உயராதாம். அப்படியானால் கஞ்சிக்கோடு என்ற ஊரின் குடியானவப் பெண் ஒருத்தி பரணிலிருந்து பானையை எப்படி இறக்கியிருப்பாள்? தெரியவில்லை. எனவே ஒரு டாக்டரை உண்டாக்கினேன். பெயர் சென்னியப்பன். ஆண்டு 1927.

முதல் வரிக்கு முயன்றவை:

டாக்டர் சென்னியப்பன் ரயிலைவிட்டு இறங்கியபோது மழை... (எல்லாக் கதையிலும் பெய்கிறது. வேண்டாம்.)

கத்தியைக் கையில் எடுத்தவர் ஒரு கணம்... (இவர் தயங்குகிற ஆள் இல்லை.)

டாக்டர் சென்னியப்பன் பெண்களைக் கையைத் தூக்கச் சொன்னார். அவர்கள் தூக்கவில்லை.

இது இருக்கட்டும்.

2

சீமையில் படித்துவிட்டு ஊர் திரும்பி, தகப்பனாரின் நெல் கிடங்கை ஆஸ்பத்திரியாக்கியவர் அவர். கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்தால் தசையை விட்டுவிடலாம், கை பிழைக்கும் என்பது அவர் கட்சி. பெரிய டாக்டர்கள் சிரித்தார்கள். இவர் கமலாத்தாளுக்கும் இன்னும் சில பங்காளி வீட்டுப் பெண்களுக்கும் அப்படியே செய்தார். நோய் திரும்பவில்லை. ஆனால் சோதிக்கும்போது ஒவ்வொருத்தியும் கையைத் தோள்வரை தூக்கி நிறுத்திக்கொண்டாள்.

"இன்னுங் கொஞ்சம் தூக்குங்க."

கமலாத்தாள் அவருடைய சித்தப்பா மகனின் மனைவி. கணவனுக்கு அண்ணன் முறையான மச்சாண்டாரிடம் நேராகப் பேசமாட்டாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் செபமாலையம்மாளிடம் சொன்னாள்.

"இவ்வளவுதான் வருதுன்னு அவிககிட்டச் சொல்லுங்கம்மிணி."

"எனக்குக் காது கேக்குதுங்க" என்றார் டாக்டர்.

"கேட்டா நல்லதுன்னு சொல்லுங்கம்மிணி."

டாக்டர் சோர்ந்துபோனார். தசையை விட்டும் கை உயரவில்லை என்றால் விட்டதில் என்ன பயன்? நோய் திரும்பும் ஆபத்துதான் மிச்சம். வியாழக்கிழமை ராமாத்தாள் என்ற பெண்ணுக்கு அறுவை. அவளுக்குப் புத்தகத்தில் உள்ளபடியே தசையை வெட்டிவிடுவதென்று முடிவு செய்தார்.

3

(இந்த இடத்தில் செபமாலையம்மாள் எனக்குத் தொல்லையானார். முதல் வரைவில் அவருக்கு உண்மை தெரிந்திருந்தது. டாக்டரை ஓரமாக அழைத்து, ஐயா, இந்தப் பெண்கள்... என்று ஆரம்பித்தார். வாக்கியத்தை அங்கேயே நிறுத்தினேன். எல்லாம் தெரிந்த நர்ஸ் ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்கு வேலை இருக்காது. அவரை ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவராக மாற்றினேன். அங்கே உறவுமுறை மரியாதை பார்க்க யாருக்கும் நேரமில்லை. கமலாத்தாளின் கை நிஜமாகவே வரவில்லை என்றுதான் இப்போது அவரும் நம்புகிறார்.)

4

புதன்கிழமை மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. பிழைத்தால் பூவோடு எடுப்பதாகக் கமலாத்தாள் வேண்டியிருந்தாள். தீ எரியும் சட்டியை வேப்பிலைமேல் வைத்து ஏந்திக்கொண்டு கோயில்வரை நடக்க வேண்டும். டாக்டர் பங்காளிகளோடு ஓரமாக நின்றார். செபமாலையம்மாளும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

வாளையார்க் கணவாய்ப் பக்கமிருந்து காற்று அடித்தது. தீ கமலாத்தாளின் முகத்துக்கு வந்தது. அவள் இரண்டு கைகளாலும் சட்டியைத் தலைக்குமேல் தூக்கினாள். பின்னால் வந்தவர்களும் தூக்கினார்கள். அவர்களில் டாக்டரிடம் அறுத்துக்கொண்ட பெண்களும் இருந்தார்கள்.

ஊரே தீயைப் பார்த்தது. டாக்டர் தோள்மூட்டுகளைப் பார்த்தார். கும்பிட மறந்துபோனார்.

சட்டியை இறக்கி வைத்தவளிடம் நேராகப் போய்விட்டார்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரியில இந்தக் கை எங்க போச்சு?"

கமலாத்தாள் செபமாலையம்மாளைத் தேடிப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். (அந்தக் குடியானவ வீட்டுப் பெண்கள் அப்போது ரவிக்கை போடுவதில்லை. இதை நான் முன்பே சொல்லியிருக்கலாம்.)

"மச்சாண்டார் முன்னால கையத் தூக்குனா மாராப்பு வெலகாதுங்களா அம்மிணி? ஆத்தா முன்னால வெலகுனா ஆரு கேக்கறா?"

"நாந்தானுங்க ஆபரேசன் பண்ணுனது. அப்ப?"

"அப்ப எனக்கு நெனவில்லைன்னு சொல்லுங்கம்மிணி."

செபமாலையம்மாள் சிரித்த சிரிப்பில் மேளக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

5

மறுநாள் ராமாத்தாளின் தசை தப்பியது.

டாக்டர் ஒரு மாரியம்மன் படத்தைச் சுவரில் உயரமாக மாட்டினார். சோதனைக்கு வரும் பெண்கள் அதைத் தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிட வேண்டும். விரல்நுனி எட்டும் இடத்தில் செபமாலையம்மாள் கரித்துண்டால் கோடு போடுவார். டாக்டர் வெளியே வாசலில் இருப்பார்.

காயம் ஆறி ராமாத்தாள் வந்தபோது டாக்டர் வாசலில் உட்காரவே இல்லை.

"எதுவரைக்குங்க?"

"பொறுங்க டாக்டரய்யா. படத்துல கழுத்துக்கு வந்துட்டாக."

"அப்பறம்?"

"கிரீடத்தத் தொட்டுட்டாக."

டாக்டர் வாசலில் இருந்த குதிரை வண்டிக்காரரைக் கட்டிப்பிடித்தார். எழுதப்போகும் ஆய்வுக் கட்டுரையில், படமும் கரிக்கோடுமான அந்தக் கருவிக்கு என்ன பெயர் வைப்பது என்ற சிக்கல் மட்டும் மீதி இருந்தது.

6

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

[சில ஆண்டுகளுக்குப் பிறகு கமலாத்தாளின் அக்குளில் மறுபடியும் ஒரு சிறிய...]

[சீமையிலிருந்து பெரிய டாக்டர்கள் திரண்டு வந்து, அந்தச் சுவரின் முன் தொப்பியைக் கழற்றி...]

முதலாவது நடக்கக்கூடியது. எழுத மனம் வரவில்லை. இரண்டாவதை எழுத மனம் வந்தது. நம்பத்தான் முடியவில்லை.

ஆகவே நான்காம் பகுதிக்கே திரும்பிப் போகிறேன். அங்கே கமலாத்தாளின் கைகள் இன்னும் தலைக்குமேல் இருக்கின்றன. சட்டி சுடுமே என்று நினைப்பீர்கள். வேப்பிலை இருக்கிறது. பார்க்கப் பொறுக்காவிட்டால் நீங்கள் வாங்கி இறக்கி வையுங்கள்.

நான் இறக்கமாட்டேன். இப்போதுதான் தூக்கினாள்.