பெயின்ட் ஒட்டாத இடம்

கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கிறவளுக்கு வியர்க்கக் கூடாது என்று யாராலாவது சட்டம் போட முடியுமா? முடியாது. ஆனால் வியர்த்தால் நாறக் கூடாது என்று சுற்றியிருக்கிற மூக்குகள் சட்டம் போட்டு வைத்திருந்தன. கழுத்து முதல் கணுக்கால் வரை வெள்ளை அங்கி, தலைக்குக் குல்லா, முகத்துக்கு மாஸ்க், கைக்கு உறை. அதற்குள் ஷிப்ட் முழுக்க ரஞ்சனி வெந்தாள். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் அவள் பக்கத்து சீட் காலியாகவே வரும். ஒருநாள் கூட வேலை பார்க்கிற ஜாஸ்மின், "தப்பா எடுத்துக்காத ரஞ்சனி" என்று சொல்லிவிட்டு, துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து பின் சீட்டுக்குப் போனாள். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் அதை வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வதாம்? ஒரகடத்திலிருந்து படப்பை வந்து சேரும்வரை ரஞ்சனி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

கடையில் விற்கிற ஸ்ப்ரேயை வாங்கி அடித்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். பெயின்ட் ஷாப்பில் செண்ட், ஸ்ப்ரே, கிரீம், தலைக்கு எண்ணெய் எதுவுமே கூடாது. அந்தப் பிசுக்கில் ஒரு துளி காரின் தகட்டில் பட்டாலும் போதும், அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகி ஓடிவிடும். ஊசியால் குத்தினதுபோல் குழி விழும். கிரேட்டர் என்பார்கள். ஒரு குழி விழுந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பித் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். அதுவும் ரஞ்சனியின் வேலை பெயின்ட் அடிப்பதற்குச் சற்று முன்னால் காரைத் துணியால் துடைத்து விடுவது. அவள் கை பட்ட பிறகு வேறு யார் கையும் படாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு வீடியோ பார்த்தாள். இயற்கை டியோடரன்ட், வீட்டிலேயே செய்யலாம் என்று ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். தேங்காய் எண்ணெய், கூவைக்கிழங்கு மாவு, ஆப்பசோடா, கொஞ்சம் தேன்மெழுகு. கொதிக்கிற தண்ணீருக்குமேல் கிண்ணத்தை வைத்து மெழுகை உருக்கி எல்லாவற்றையும் கலக்கி ஆறவைத்தால் தீர்ந்தது. ரஞ்சனி கிண்டிக்கொண்டிருந்தபோது புருஷன் பிரவீன் அடுப்படியில் எட்டிப் பார்த்தான்.

"இன்னாடி, அல்வாவா?"

"அக்குளுக்கு."

"அக்குளுக்கு அல்வாவா!" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அதான் உள்ள எதுவும் போடக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்களே?"

"அது கடையில விக்கிற கெமிக்கலுக்குடா. இது வூட்டுச் சாமான். இயற்கை."

இயற்கையாம்! தேங்காய் எண்ணெய் வீட்டில் இருந்தால் எண்ணெய் இல்லை, தலையில் தேய்த்தால்தான் எண்ணெய் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். காலையில் லாக்கர் ரூமில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, டப்பாவிலிருந்து விரலால் வழித்து அக்குளில் தடவிக்கொண்டு, அப்புறம் அங்கியை மாட்டுவாள். வாடை போயே போய்விட்டது. ஜாஸ்மின் பழையபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மாமியார் கதையெல்லாம் சொன்னாள். முதல் டப்பா நல்லபடியாகவே தீர்ந்தது. இரண்டாவது டப்பாவுக்கு மெழுகு போதவில்லை. எண்ணெயைக் கூட ஊற்றிச் சமாளித்தாள். வெயில் காலம் வேறு. டப்பாவைத் திறந்தால் கூழாக இருந்தது, விரலெல்லாம் வழிந்தது. கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, அதே விரல்களால் உறையை இழுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்குத்தான் பானெட் மேலெல்லாம் குழி விழுந்தது.

லைன் நின்றது. சூப்பர்வைசர் கோதண்டராமன் துடைக்கிற ஆட்களை வரிசையாக நிற்க வைத்தார். கெட்டவர் இல்லை, மேலே இருப்பவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்த முகம். "யாருன்னு சொல்லிடுங்க. எவ மேலயோ எண்ணெய் கீது" என்றார். ரஞ்சனி தன் கையுறையைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் போதும். ஆனால் என்னவென்று சொல்வாள்? என் அக்குள் நாறுகிறது, அதற்காக இதைத் தடவினேன் என்று இத்தனை ஆண் பிள்ளைகள் நடுவில் சொல்வதா? வேலை போகிற பயம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அந்த வெட்கம்தான்.

அவளுக்கு அடுத்து நின்றது இசக்கிசெல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், காண்ட்ராக்டில் வந்தவள், ஒரகடத்தில் ஏழெட்டுப் பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அதைச் சுருட்டிக் குல்லாவுக்குள் அடைக்கவே தினமும் அவளுக்கு ஒரு பாடு.

"நீ தலைக்கு எண்ணெய் வச்சியா?" என்று கேட்டார் கோதண்டராமன்.

பொய் சொல்லத் தெரியாத கழுதை. "ஞாயித்துக்கெழம தேச்சேன் சார். சாயங்காலமே சீயக்கா போட்டு நல்லா அலசிட்டேன் சார்" என்றாள்.

அவ்வளவுதான், தேடியது கிடைத்துவிட்டது. மதியத்துக்குள் அவளை வேலைக்கு அனுப்பியிருந்த ஏஜென்சிக்காரன் வந்து அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டான். அழுதுகொண்டே போகும்போது ரஞ்சனியின் கையைப் பிடித்து, "நல்லாத்தான் அலசுனேன்க்கா. எப்படின்னே தெரியல" என்றாள். ரஞ்சனி, "தெரியும்மா, தெரியும்" என்றாள். அந்தத் 'தெரியும்' அன்றைக்கு முழுவதும் அவள் காதிலேயே நின்றது.

சாயங்காலம் பிரவீனிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "நீ பர்மனென்ட் ஆன ஆளு. வாய மூடிக்கினு இரு. அந்தப் பொண்ணுக்கு இந்தப் பக்கம் வேலையா கிடைக்காது? ஆயிரம் கம்பெனி கீது" என்றான். அவன் சொன்னது தனக்கு ஆறுதலாக இருந்ததை நினைத்து ரஞ்சனிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஒன்று மட்டும் செய்தாள். மறுநாளிலிருந்து டப்பாவைத் தொடவில்லை. அது லாக்கரில் துணிக்கடியில் கிடந்தது. இனிமேல் யாருக்கும் கெடுதல் வராது, நாறினால் நாறட்டும் என்று இருந்தாள்.

அதுதான் வினையாயிற்று. அவள் நிறுத்தினாள், குழியும் நின்றது. வாரக் கடைசியில் காலை மீட்டிங்கில் கோதண்டராமன் பூரித்துப் போய் நின்றார். "பாத்தீங்களா? அந்தப் பொண்ணு போனதுலேர்ந்து ஒரு கிரேட்டர் கிடையாது. இப்பவாச்சும் புரியுதா, நான் ஏன் எண்ணெய் எண்ணெய்னு கத்துறேன்னு? எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். மீட்டிங் என்றால் கை தட்டுவது அங்கே வழக்கம். ரஞ்சனியும் தட்டினாள். பாவி, தட்டினாளே! அன்று மத்தியானம் கேன்டீனில் சோற்றைப் பிசைந்தவள் பிசைந்துகொண்டே இருந்தாள். ஜாஸ்மின் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

இசக்கிக்குப் போன் பண்ண வேண்டும் என்று தினமும் நினைத்தாள். பேரைத் தேடி எடுப்பாள், அப்படியே வைத்துவிடுவாள். பிறகு ஒரு காலை, பஸ் கம்பெனி வாசலில் நின்றபோது, செக்யூரிட்டி அறைக்கு முன்னால் கோதண்டராமனிடம் யாரோ ஒரு பையன் கும்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. இறங்கிக் கிட்டப் போனால் பையன் இல்லை. இசக்கி. தலை மொட்டை. சந்தனம் பூசியிருந்தது.

"இன்னைக்கு விடியக்காலயே வல்லக்கோட்டை முருகன் கோயில்ல முடிய எறக்கிட்டேன் சார். இனி எண்ணெ வைக்க முடியே இல்ல. பாருங்க சார், தொட்டுப் பாருங்க. என்னை எடுத்துக்கிடுங்க சார்" என்று தலையைக் குனிந்து காட்டினாள். கோதண்டராமன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை ரஞ்சனிக்கு வாய் தானாகத் திறந்தது.

"அவ இல்ல சார். நான்தான். அக்குள்ல போட வூட்ல ஒண்ணு செஞ்சேன், தேங்காண்ணெயில. அந்தக் கையோடதான் துடைச்சேன்."

கோதண்டராமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாவம் பாத்து நீ பழியத் தூக்கிப் போட்டுக்காத. போ, பஞ்ச் பண்ணு."

அதுகூடப் பரவாயில்லை. இசக்கி ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். "வேண்டாம்க்கா! எனக்காவப் பொய் சொல்லாதிய. ஒங்க வேல போயிரும்க்கா. இந்த ஊர்ல எனக்குன்னு பேச ஒங்களத் தவிர யாரு இருக்கா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட ரஞ்சனி தாங்கியிருப்பாள். கையை உதறி விடுவித்துக்கொண்டு, "ஒரு தகடு குடுங்க சார்" என்றாள். "வீணாப்போன தகடு போதும். அன்னிக்கு இன்னா செஞ்சேனோ அதையே செஞ்சு காட்டறேன். குழி விழலன்னா நான் பொய் சொல்றேன்னு வச்சுக்கோங்க."

அவர், "வா" என்றார். இசக்கியை செக்யூரிட்டி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

ரஞ்சனி லாக்கரிலிருந்து டப்பாவை எடுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. உள்ளே இருந்த பெண்களெல்லாம் பார்க்க, ஜாஸ்மின் பார்க்க, கையைத் தூக்கி வழித்துப் பூசினாள். துப்பட்டாவில் துடைத்தாள், உறையை மாட்டினாள், அங்கியைப் போட்டாள். பெயின்ட் அடித்துச் சோதித்துப் பார்க்கிற ட்ரையல் பூத்தில் கோதண்டராமன் ஒரு தகட்டை நீட்டினார். தினமும் துடைப்பது போலவே, ஒரு கையால் தகட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைத்துக் கொடுத்தாள். பெயின்டர் வெள்ளையை அடித்தான். ஈரம் பளபளவென்று படர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கங்கே விலகத் தொடங்கியது. அவள் விரல் பிடித்த இடமெல்லாம் குழி.

கோதண்டராமன் அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார். அவள் கழற்றிக் கொடுத்தாள். "ஹெச்.ஆர். கூப்பிடுவாங்க, வூட்ல இரு" என்றார். பிறகு தகட்டையும் எடுத்துக்கொண்டு அவளோடு வாசல்வரைக்கும் வந்தார்.

இசக்கி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். "திங்கக்கெழம வேலைக்கு வந்துடும்மா. ஏஜென்சிகிட்ட நான் பேசிக்கிறேன். தப்பு எங்களோடது" என்று கோதண்டராமன் தகட்டை அவளிடம் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள். துடைக்கிற வேலை செய்தவள்தானே, ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரஞ்சனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள், அறைவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள்.

இசக்கியின் கை மெல்ல மேலே போய் மொட்டைத் தலையைத் தடவியது. சந்தனம் காய்ந்து உதிர்ந்தது.

"நேத்துச் சொல்லிருந்தாக்கூட முடி இருந்துருக்கும்லாக்கா" என்றாள்.