நான்காம் எண் மேகசின்

1

இதை நானாக எழுதத் தொடங்கவில்லை. எங்கள் பிளாஸ்டிக் வார்ப்புக் கம்பெனிக்கு அறுபது வயது நிறைகிறது. குடும்ப மலர் ஒன்று போடுகிறார்களாம். “நம்ம தரத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க அத்தை” என்று என் தம்பி மகள் லொரெட்டா கேட்டாள். டிராஸ்க் குடும்பத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் எண்பத்தொரு வயதிலும் நான் ஒருத்திதான். அதனால் உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: டிராஸ்க் மேகசின் ஒருநாளும் உடைந்ததில்லை.

அதைக் கோடு போட்டு அடித்தேன். அடுத்த வரி: டிராஸ்க் மேகசின் ஒரே ஒரு தடவைதான்

இதை முடிக்க மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும். மலருக்கு வேறு எதையோ எழுதிக் கொடுத்துவிட்டேன். இது அது அல்ல.

(ரைஃபிளின் அடியில் செருகும் தோட்டாக் கூட்டைத்தான் மேகசின் என்கிறேன். முப்பது தோட்டா கொள்ளும். நாற்பது வருஷம் எங்கள் ஐடஹோ மாநிலத்தின் உருளைக்கிழங்கு வயல்களுக்கு நீர்தெளிப்பான் செய்துவிட்டு, அப்புறம்தான் இதற்கு வந்தோம். அதே இயந்திரங்கள், அடியில் அதே பெயர்.)

2

என் தம்பி ஆர்வில் டிராஸ்கைக் கதாபாத்திரமாக்குவது சுலபம் என்று நினைத்தேன். எழுபத்துநாலு வயது. நிமிர்ந்த முதுகு. வலது முழங்கால் சரியில்லை, அதை ஒப்புக்கொள்வதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே பட்டறையை மகள் லொரெட்டாவிடம் கொடுத்துவிட்டான். இன்றும் காலை ஏழு மணிக்கு வந்து, இயந்திரங்கள் தன்னைக் கேட்காமல் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போகிறான்.

(இந்த வரியை அவன் படித்தால் என்னோடு பேசமாட்டான். பரவாயில்லை, அவன் படிப்பதில்லை.)

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் துப்பாக்கி கிளப்பில் மேகசின்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பான்கேக், பன்றிக்கறி வறுவல், கெட்டியான காப்பி. டெல் புரூவிட் நடத்துவான். மற்ற நாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். முடிவைக் கொட்டகைப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவான். வருஷம் முழுக்க அது அழியாமல் இருக்கும். சுற்றுவட்டாரமே அதைப் பார்த்துத்தான் வாங்கும்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. அவரவர் மேகசின்களுக்கு வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டு வைப்போம். சுடும்போது சிக்கியது எது என்று அப்போதுதான் தெரியும். கெட்டுப்போனதை உடையவரே எல்லாருக்கும் முன்னால் தரையில் வைத்து மிதித்து நொறுக்க வேண்டும். வேறு யாரும் தெரியாமல் எடுத்துச் செருகிவிடக் கூடாது என்பதற்காக.

3

நான் சொல்ல வந்த வருஷம் மூன்று மேகசின்கள். எங்களுடையது ஒன்று. பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி ஜன்னல் வைத்த வெளியூர்ச் சரக்கு ஒன்று. உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்க்கலாமாம், எண்ணத் தெரியாதவர்களுக்கு வசதி. மூன்றாவது மண் நிறத்தில், பாதி விலையில். அச்சின் இரண்டு பாதியும் சேருகிற வார்ப்புத் தையல் அதில் அராவாத நகம் மாதிரி இருந்தது.

டெல் மூன்றையும் கடையில் புதிதாக வாங்கி வைத்திருந்தான். ஆர்வில் எங்களுடையதைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அதில் 4 என்று எழுதியிருந்தது.

“புதுசு எவன் வேணா செய்வான். இது எட்டு வருஷமா என் பையில கிடக்குது. இதப் போடு.”

“புதுசுக்குப் புதுசு வச்சாதான் நியாயம், பெரியவரே.”

“நியாயம் பாக்கவேண்டியது மத்தவங்க.”

முழுதாக நிரப்பிச் செருகிப் பார்த்தார்கள்; எங்களுடையது ஒரே தட்டில் உட்கார்ந்தது. பொத்தானை அமுக்கினால் தன் எடையிலேயே நழுவியது. ஜன்னல் வைத்ததைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. சேற்றில் புரட்டி எடுத்துச் சுட்டார்கள். ஜன்னல் இரண்டு முறை சிக்கியது, எங்களுடையது முப்பது தோட்டாவையும் தடங்கலில்லாமல் துப்பாக்கிக்கு ஊட்டியது. மண் நிறமும் ஊட்டியது, ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. ஆர்வில் அப்போதுதான் தட்டை எடுத்துக்கொண்டு பான்கேக் வாங்கப் போனான்.

கடைசிச் சோதனை: முப்பதும் நிரப்பி, தோட்டாவைப் பிடித்திருக்கும் உதடுகள் கீழே பார்க்க, தோள் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போடுவது. ஜன்னலுக்கு ஒரு கீறல். மண் நிறம் துள்ளிக் குதித்து ஒரே ஒரு தோட்டாவைத் துப்பியது. நான்காம் எண் விழுந்த இடத்திலேயே கிடந்தது. இடது உதடு உடைந்து, விரிசல் முதுகு வரைக்கும் ஓடியிருந்தது.

5

நான்காம் பகுதியைத் தேடாதீர்கள். டெல் ஆறடி நாலங்குலம், அந்தத் தோளிலிருந்து போட்டால் எதுதான் உடையாது என்று அதில் எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் மூன்றும் அதே தோளிலிருந்துதான் விழுந்தன. இரண்டாம் முறை படித்தபோதும் அந்த இடத்தில் சிக்கியது. வழக்கப்படி மிதித்துவிட்டேன்.

லொரெட்டா வந்து உடைந்ததைக் கையில் எடுத்து அடிமூடியைக் கழற்றினாள். மூடி மறைக்கிற இடத்தில், கடிகார முகம் மாதிரி ஒரு சின்ன வட்டம் இருக்கும். பன்னிரண்டு எண்கள், ஒரு முள், நடுவில் வருஷம். எந்த மாதம் வார்த்தது என்று அச்சே பதித்துவிடும். பார்த்தாள். மூடியைத் திரும்பப் போட்டாள்.

அந்த மாதம் எது என்று நான் சொல்லிவிடுகிறேன், அவள் சொல்லமாட்டாள். அந்தச் சோதனைக்கு எட்டு வருஷம் முந்தைய மார்ச். இரண்டாவது பிரசவத்துக்காக அவள் ஐந்து வாரம் பட்டறைக்கு வரவில்லை, ஆர்வில் ஓட்டினான். மேகசின் வார்க்கிற இந்த பாலிமர் பிளாஸ்டிக் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். நாலு மணி நேரம் உலர்த்தாமல் வார்த்தால் பார்க்க அழகாக இருக்கும், அடிபட்டால் ஓடு மாதிரி உடையும். உலர்த்தியின் மேல் அவள் ‘நாலு மணி நேரம்’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். ஆர்வில் அதைக் கிழித்துப் போட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தொலைபேசியில் கேட்டதற்கு, “நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வார்த்தவன் நான்” என்றான். ஃபோனை எடுத்து அவனிடம் கொடுத்தவள் நான்.

திரும்பி வந்தவள் அந்த மாதத்துச் சரக்கைக் கடை கடையாகப் போய்த் திரும்ப வாங்கி அரைத்துவிட்டாள். தப்பியவை பத்தே பத்து. ஆர்வில் தன் பையில் போட்டுக்கொண்டு கொடுக்க மறுத்தவை.

6

அவள் மூடியைக் கழற்றிப் பார்த்ததைக் கவனித்திருந்த டெல் சுண்ணக்கட்டியோடு நின்றான். ஒரு மாதச் சரக்குதான் மோசமா, இல்லை டிராஸ்க் மேகசினே மோசமா, எதை எழுதுவது என்று கேட்டான்.

“பட்டறை என் பொறுப்புல இருக்கு. என் பேரப் போட்டு எழுதிக்க, டெல்” என்றாள் லொரெட்டா.

பின்வரிசையில் யாரோ காப்பியை உறிஞ்சிக்கொண்டே, “பெரியவர் கையில இருந்தவரைக்கும் இப்பிடி உடைஞ்சதில்லப்பா” என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஆர்வில் மறுக்கவில்லை.

“வழக்கம் தெரியும்ல பெரியவரே. மிதிச்சிடுங்க, நான் எழுதிடறேன்” என்று டெல் நான்காம் எண்ணைக் கான்கிரீட்டில் வைத்தான்.

மிதித்தால் அந்தச் சின்ன வட்டமும் தூள். யாரும் குறை சொல்ல முடியாது, வழக்கம்தானே. ஆர்வில் பூட்ஸ் காலைத் தூக்கினான். லொரெட்டா வேலிக்கு அப்பால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு ஒன்று: பூட்ஸ் இறங்குகிறது. பலகையில் லொரெட்டாவின் பெயர் ஒரு வருஷம் தொங்குகிறது. எல்லாரும் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் சாப்பிடுகிறார்கள். மலருக்கு ஏற்ற முடிவு.

முடிவு இரண்டு: காலைப் பக்கத்தில் வைக்கிறான். வலிக்கிற முழங்காலை மடக்கிக் குனிந்து எடுத்து, மூடியைக் கழற்றி, மாதத்தையும் வருஷத்தையும் உரக்கப் படிக்கிறான். கதைக்கு இதுதான் நல்லது. ஆனால் எழுபத்துநாலு வருஷமாக அவனை எனக்குத் தெரியும். கதைக்கு நல்லது என்று அவன் எதையும் செய்ததில்லை.

முடிவு மூன்று: முன்பெஞ்சில் காப்பியோடு உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா எழுந்து, “ஆர்வில், அந்தத் தேதிய

(அங்கே நானும் இருந்தேன் என்பதை மூன்றாம் பகுதியில் சொல்லாமல் விட்டது மறதி அல்ல.)

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அது குடும்ப விஷயம், உங்களிடம் சொல்வதற்கில்லை. பூட்ஸ் இன்னும் காற்றிலேயே நிற்கிறது. இறக்குவதோ நகர்த்துவதோ உங்கள் பாடு. கொஞ்சம் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். அவன் தூக்கியிருப்பது இடது கால். நிற்பது அந்த வலது முழங்காலில்.