டால்டா டப்பாத் தண்ணீர்

விடிந்ததும் போர்வையை விலக்கிய இருசம்மாள், கணவனின் கெண்டைக்காலில் செவ்வெறும்புகள் அப்பியிருப்பதைப் பார்த்தாள். கடித்த இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. கொளஞ்சியப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் காலில் என்ன நடக்கிறது என்பதை அவன் அந்த முகத்திலிருந்துதான் தெரிந்துகொள்வான்.

“இன்னா, இன்னிக்கும் வந்துட்டாங்களா?”

“கொஞ்சமாத்தான்.”

“நாங்க மரத்த வெட்டிப் போட்டு ரோட்ட மறிச்சோம். அதுங்களுக்கு மரம் ரெடியாவே கெடக்குது.”

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள்.

புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலுக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரியில் போனவன். வெட்டிய புளியமரம் நினைக்காத பக்கம் சாய்ந்தது. முதுகில் விழுந்த கிளையோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். காலில் புண் வரக்கூடாது, வந்தால் ஆறாது, காலையே எடுக்கும்படி ஆகிவிடும்.

கல்வராயன் மலையிலிருந்து மார்கழிக் காற்று இறங்கத் தொடங்கியதும் எறும்புகள் வீட்டுக்குள் வந்தன. மஞ்சள் தூவினாள். கெமாக்சின் எறும்புப்பொடி போட்டாள், அவனுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டுக் காசிநாதன்தான் கடைசியில் வழி சொன்னான்.

“கட்டில் நாலு காலையும் தண்ணியில வெச்சுடுங்க அண்ணி. எப்படி ஏறுதுங்கன்னு பாப்போம்.”

அவன் உள்ளே வருவதில்லை. வாசற்படியிலேயே நிற்பான். மறியலன்று வீட்டு முன்னால் லாரியை நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவன்தான். அதைப் பற்றி மூன்று பேரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. “மறுபடியும் கூட்டம் போடறாங்களாம்ணே” என்று ஆரம்பித்தான். பிறகு கொளஞ்சியப்பனின் காலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

டால்டா டப்பாக்களை வெட்டித் தண்ணீர் ஊற்றிக் கட்டில் கால்களுக்கு வைத்தாள். அப்படியும் எறும்புகள் வந்தன. போர்வை தரையைத் தொடவில்லை. சுவரிலிருந்து கட்டிலை நகர்த்தியாயிற்று. இன்று குனிந்து டப்பாக்களைப் பார்த்தாள். தண்ணீரில் ஓர் எறும்புகூடச் செத்து மிதக்கவில்லை.

அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரித்திருந்த பழைய புடவையைத் தூக்கினாள். அடியில் சாக்குகள். கயிற்றுக் கட்டிலின் இடுக்கு வழியாகக் குளிர் ஏறக்கூடாதென்று, தான் வேலை செய்யும் கரும்பாலையில் கேட்டு வாங்கி வந்தவை. வாய்க்காலில் நன்றாக அலசித்தான் போட்டிருந்தாள். வெல்லம் இழைக்குள் இருந்திருக்கிறது. மடிப்பைப் பிரித்தபோது ரவை கொட்டினதுபோல் வெள்ளை வெள்ளையாக முட்டைகள். அவற்றைக் கவ்விக்கொண்டு எறும்புகள் சிதறி ஓடின. வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. எல்லாம் அவனுக்கு அடியிலேயே, அவன் உடம்புச் சூட்டில் இருந்தன. அவள் ஊற்றிய தண்ணீர் அவற்றை அவனோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தது.

சாக்குகளைக் கொதிநீரில் முக்கி வேலியில் போட்டாள். வெயில் வரவே இல்லை. பொழுது சாயும்போது மலை பனியில் மறைந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் காற்று வந்தது. இருந்த ஒரே போர்வைக்குள் அவன் தோள்கள் நடுங்கின.

“சாக்கு காஞ்சிதா?”

“இன்னும் சொட்டிக்கினுதான் இருக்குது.”

“ஆலையில வேற கெடைக்காதா?”

“அதுவும் வெல்லச் சாக்குதான்.”

அடுப்பில் விறகு உள்வாங்கிச் சரிந்தது.

“அதையே கொண்டாந்து போடு இருசு. எனக்குக் குளுருதான் தெரியுது. அதுங்க கடிக்கிறது தெரியலியே.”

அவள் கட்டில் காலருகே குந்தினாள். கொதிநீருக்குத் தப்பிக் கட்டிலிலேயே தங்கிவிட்ட சில எறும்புகள் முட்டைகளைக் கவ்வியபடி கட்டில் கால் வழியே கீழே இறங்கி வந்தன. தண்ணீர் விளிம்பில் நின்றன. அவள் டப்பாவின் மேல் கை வைத்தாள். எடுத்தால் இவை போய்விடும், சுவரோரம் ஊரும் எறும்புகள் ஏறிவிடும். முதலில் நின்ற எறும்பு தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது. திரும்பி மேலே ஏறத் தொடங்கியது.