முசரவாக்கத்து ஆர்டர்

1

இந்தக் கதையின் பிறப்பிடம் என் சோம்பேறித்தனம். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகையில் மாற்றுத்திறனாளிகள் சிறப்பிதழுக்குக் கதை கேட்டார்கள். “நம்பிக்கை தர்ற மாதிரி இருந்தா நல்லது சார்” என்றார் உதவி ஆசிரியர். போனை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டு வாசலில் மொஹசின் பாய் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கதை கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகக் காப்பி போடப் போய்விட்டேன்.

அன்று மாலையே முதல் வரியும் விழுந்தது:

தென்னேரி ஏரிக்கரையில் அந்த லோடு ஆட்டோ கவிழ்ந்தபோது மொஹசின் பாயின் வாழ்க்கையும்

(இதை எப்படி முடிக்க இருந்தேன் என்பது உங்களுக்கே தெரியும். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அடிக்காமல் விட்டிருக்கிறேன், என் யோக்கியதை தெரியட்டும்.)

மறுநாள் அதை அவரிடமே படித்துக் காட்டினேன். கத்தியை நிறுத்தாமல் கேட்டார். “ஏன் சார், நான் பொறந்ததே அந்த வண்டி கவுந்தப்பதானா? அதுக்கு முன்னாடி இந்த ஊரு முழுக்க பிரியாணி போட்டுக்கினு இருந்தேனே, அது எங்க போச்சு?”

2

சரி, இரண்டாவது ஆரம்பம்.

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்களுக்கு மொஹசின் பாயைத் தெரியாது. எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். புடவையில் எண்ணெய் பட்டாலும் பரவாயில்லை என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்.

இது அவருக்குப் பிடித்தது. ஆகவே இதுவே ஆரம்பம் என்று வைத்துக்கொள்வோம். விபத்தைப் பற்றி வாசகருக்குத் தேவையானது இவ்வளவுதான்: ஒரு கல்யாணச் சமையல் முடிந்து காலிப் பாத்திரங்களோடு பின்னால் உட்கார்ந்து வந்தார், வண்டி கவிழ்ந்தது, பிரியாணி ஆக்கும் பெரிய அண்டாவான தேக்சா முதுகில் விழுந்து தண்டுவடம் போயிற்று. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. இதற்குமேல் விபத்து இந்தக் கதையில் வராது. அது அவர் போட்ட நிபந்தனை.

3

அவர் மனைவி ருக்ஸானாவைத்தான் எனக்கு எழுத வரவில்லை. பட்டுப் புடவைகளுக்குக் குச்சு கட்டுகிறவர்.* முதல் வரைவில் அவரைத் தியாகச் சுடராக்கி வைத்திருந்தேன். படித்ததும் சிரித்துவிட்டார். “நானா அண்ணா? நேத்துதான் இவர புடிச்சி தெருவே கேக்குற மாதிரி கத்தினேன். நீங்க ஜன்னல மூடினீங்களே, நான் பாத்தேன்.”

(* முந்தானை ஓரத்து இழைகளை முடிச்சுப் போட்டுக் குஞ்சமாக்கும் வேலை. ருக்ஸானா என்னோடு பேசும்போதும் விரல்கள் நிற்பதில்லை. அவை நின்றால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.)

ஆரம்பத்தில் பாய் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். அழுதார். என்னைப் போன்றவர்கள் ஆறுதல் சொல்லப் போனால் தூங்குவதுபோல் கிடந்தார். பிறகு ஒரு மரப்பலகையைப் போட்டுக் கைகளால் ஊன்றி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகரக் கற்றுக்கொண்டார். படுக்கைப்புண் வராமல் இருக்க அடிக்கடி உடம்பைத் தூக்கித் தூக்கி வைக்கப் பழகினார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தானே உருட்டிக்கொண்டு போனார். ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு கறி என்று போனிலேயே சொல்லுவார். அவரோடு அடுப்படியில் பல வருஷம் நின்ற சிட்டிபாபு போய் ஆக்குவான். வெங்காயம் மட்டும் இங்கேயே அரிந்து போகும். கேலி வந்தது, சண்டை வந்தது, பசி வந்தது.

“சந்தோஷமா இருக்கீங்களா பாய்?” என்று ஒருநாள் கேட்டேன். சிறப்பிதழுக்கு ஒரு வரி தேவைப்பட்டது.

“காலைல எழுந்தா வேல இருக்குது சார். ஆனா எல்லாம் வாயில பண்ற வேல. பிரியாணிக்கு தம் போடறது கையில. அத ஒரு தரமாச்சும் பண்ணணும்.”

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். நெருப்புக்குப் பக்கத்தில் அவரை விடுவதில்லை என்று ருக்ஸானா தீர்மானமாக இருந்தார்.

4

இந்தப் பகுதியை உற்சாகமாக எழுதத் தொடங்கினேன். அந்த உற்சாகத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்டிபாபுவின் மகள் சிம்ரனுக்கு நிச்சயதார்த்தம். “பாய் தம் போடலன்னா எங்க வூட்ல கறியே கெடையாது, சாம்பார்தான்” என்று அவன் வாசலில் நின்று சொல்லிவிட்டான். ருக்ஸானாவால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை. “தூரமா உக்காந்துதான் சொல்லணும்” என்றார். பாயும் தலையாட்டினார்.

தூரமாக உட்கார்ந்து யாராவது தம் போட முடியுமா? பாய் மைதா மாவை உருட்டித் தானே மூடியைச் சுற்றி அடைத்தார், பிஸ்மில்லா சொன்னார், மேலே தணலை அள்ளிப் பரப்பினார். அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மூடியவர்தான் திறக்க வேண்டும், அதுவரை தேக்சாவை விட்டு நகரக்கூடாது. பாய் நகரவில்லை. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

திடீரென்று மூக்கைச் சுருக்கினார். “டேய் சிட்டி, தீயிற வாசன வருது. அடி புடிக்குது பாரு, தணல இழு, இழுடா!”

சிட்டிபாபு அடுப்புக்குள் கரண்டியை விட்டுத் தணலை வெளியே இழுத்தான். நாற்காலி நின்ற பக்கமாகத்தான் இழுத்தான். பாய் மூடியிலேயே கண்ணாக இருந்தார். வாசனை போகவில்லை. “இன்னும் இழு” என்றார்.

தேக்சா திறந்தபோது அரிசி ஒட்டாமல் உதிரியாக இருந்தது. அடி பிடிக்கவே இல்லை. கூட்டம் கை தட்டியது, நானும் தட்டினேன், பெண்கள் பக்கத்திலிருந்து ருக்ஸானாவும் பார்த்துக்கொண்டிருந்தார். தீய்ந்தது அவருடைய ரப்பர் செருப்பும் அதற்குள்ளிருந்த இடது காலும். வீட்டுக்கு வந்து ருக்ஸானா செருப்பைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. தோலும் கூடவே வந்தது.

கருகல் வாசனை வந்தால் வேறொருவன் தன் மேல் நெருப்புப் பட்டதா என்று பார்த்திருப்பான். இவர் சமையல்காரர், பிரியாணியைப் பார்த்தார்.

5

(கை தட்டலோடு நிறுத்தியிருந்தால் பத்திரிகைக்குப் பிரமாதமான கதை. அப்படி ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அனுப்பவும் இருந்தேன்.)

புண் ஆற மாதங்கள் ஆயின. ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி கட்டில். சிட்டிபாபு தினமும் வந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டுப் போவான். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது, முக்கியமாகக் கை தட்டிய என் மேல். ருக்ஸானா கத்தவில்லை. கட்டுப் பிரித்தார், மருந்து போட்டார், குச்சு கட்டினார். அந்த வீட்டின் அமைதி தெருவுக்கே பயமாக இருந்தது.

பாய் மட்டும் ஒரு வித்தை கண்டுபிடித்தார். தம்மில் இருக்கும் தேக்சாவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது, வெளிப்பக்கம் கை வைத்துத்தான் சூடு பார்ப்பார்கள். அதேபோல் காலையும் கை வைத்துப் பார்ப்பது என்று ஆரம்பித்தார். டிவி பார்க்கும்போதும் குனிந்து தொட்டுக்கொள்வார்.

கதையைப் பற்றிக் கேட்டதற்கு, “கால் சமாச்சாரத்த எடுத்துடுங்க சார், எவனும் ஆர்டர் குடுக்கமாட்டான்” என்றார். உள்ளேயிருந்து ருக்ஸானா, “எடுக்காதீங்க அண்ணா. இவர மாதிரி இருக்கறவங்க படிச்சா காலப் பாத்துக்குவாங்க” என்றார். கதாபாத்திரங்களே இப்படி இரண்டாகப் பிரிந்து நின்றால் எழுதுகிறவன் என்ன செய்வான்? யார் ஜெயித்தார் என்பது நீங்கள் இதைப் படிப்பதிலிருந்தே தெரியும். பாயும் கடைசியில், “சரி, அவ சொன்னா இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார்.

6

புண் ஆறிய சமயத்தில் சிட்டிபாபு ஒரு செய்தியோடு வந்தான். முசரவாக்கத்தில் கல்யாணம். சிம்ரன் நிச்சயதார்த்தத்தில் சாப்பிட்டவர்கள். பாய் கையால்தான் தம் வேண்டுமாம்.

பாய் சொன்னார்: “ருக்ஸானாவ கேளு.”

ருக்ஸானா சொன்னார்: “அவரு காலு. அவரையே கேளு.”

இப்படியே நாட்கள் போயின. சிறப்பிதழைத் தள்ளிப்போட்டிருந்த பத்திரிகைக்காரர் வேறு நச்சரித்தார். பொறுமை இழந்து நானே இரண்டு முடிவுகள் எழுதி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

முடிவு ஒன்று: ருக்ஸானா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, “போய் வாருங்கள், உங்கள் இடம் அதுதான்” என்றாள்.

“இவ இப்டியெல்லாம் பேசமாட்டா சார்” என்றார் பாய். ருக்ஸானா அடுத்த முடிச்சைப் போட்டார்.

முடிவு இரண்டு: “போதும். இனி இந்த வீட்டில் அடுப்பு என்ற பேச்சே வேண்டாம்” என்றாள் ருக்ஸானா. மொஹசின் தலையைக் குனிந்துகொண்டான்.

குச்சு கட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

“நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?” என்றார் ருக்ஸானா. “அண்ணா, நான் எப்ப சொன்னேன்? அன்னிக்கி மூடி தொறந்தப்ப இவரு மூஞ்சிய நானும்தான் பாத்தேன். அத வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வருமா? பயமா இருக்குது, அவ்ளோதான். செருப்ப கழட்டினப்ப கையோட வந்த தோலு இன்னும் கண்ணுல நிக்குது. நீங்க பாட்டுக்கு என்ன கல்லு மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க.”

பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “பயமா? நீ என் மேல கோவமா இருக்கேன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன், இத்தினி நாளா.”

“கோவமும்தான்.”

“அதான் வாயத் தொறக்காம இருந்தேன்.”

“வாயத் தொறந்து கேட்டா என்னாவாம்?”

நான் பேனாவைத் திறந்தேன். சத்தியமாக, அந்த நேரத்திலும் என் கை அதைத்தான் செய்தது. பாய் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, ரொம்ப மரியாதையாகவே சொன்னார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் வெளிய உக்காருங்க.”

7

ஆக, என் கதையிலிருந்து என்னையே வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் சிட்டிபாபு லோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான். முசரவாக்கத்துக்காரர்களுக்கு இன்று பதில் சொல்லியாக வேண்டும். நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளே இருவரும் உருதுவுக்கு மாறிவிட்டார்கள். எனக்கு அதில் கணவன் மனைவி பேசிக்கொள்ளும் அளவுக்குப் புரியாது. ருக்ஸானாவின் குரல் உயர்ந்தது, பிறகு இறங்கியது. பாய் ஏதோ நீளமாகச் சொன்னார். ஒருவர் அழுத மாதிரி இருந்தது, யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு ருக்ஸானா மெதுவாக ஒன்று சொன்னார், சின்ன வாக்கியம்தான்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன முடிவு எழுதிக்கொண்டாலும் நான் குறுக்கே வரமாட்டேன். நான் எழுதிய இரண்டும் என்ன கதிக்கு ஆளாயின என்று பார்த்தீர்களே.

சட்டென்று நினைவு வந்தது. பாய் வீட்டுச் சமையலில் கரண்டி பிடிக்கும்போதே உருதுவும் பிடித்துக்கொண்டவன் சிட்டிபாபு. திரும்பிப் பார்த்தேன். அவன் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என்னாப்பா சொன்னாங்க?”

“சொல்லமாட்டேன் சார்” என்றான் சிட்டிபாபு. “நீங்க எழுதிடுவீங்க.”