பொருந்தாத முகம்

கிடங்கில் மூட்டை இறக்குபவர் முதன்முதலாக பிட்காயின் வாங்கிய செவ்வாய்க்கிழமை மாலை, கைபேசித் திரையிலிருந்த பச்சை வட்டம் வெளியே வந்து அவர் முகத்தைச் சுற்றி நின்றது. ஒன்பது வருடம் அங்கேயே நின்றது. சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு மாதிரி மெல்லியது, சமையலறை ஜன்னலை ஒட்டி, தரையிலிருந்து நாலடி உயரம். கைகாலை இஷ்டத்துக்கு ஆட்டலாம். முகம் மட்டும் வெளியே வராது.

தவறு அவர் எழுத்தை நம்பியதில் இருந்தது. நாற்பத்தொரு வயதில், மூட்டைகளின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவர். ஆன்லைன் பணப்பையைத் திறந்து கொடுத்த கிடங்கு லாரி ஓட்டுநர், “அதெல்லாம் யாருண்ணே படிக்கிறா? சரின்னு அமுக்கிட்டுப் போங்க” என்றார். இவர் முப்பது பக்க நிபந்தனையையும் நாலு நாள் சாப்பாட்டு வேளையில் விரல் வைத்துப் படித்தார். ஒரு மாதச் சம்பளத்துக்கு வாங்கியாயிற்று. எடுக்க வேண்டுமானால் முகம் காட்ட வேண்டும். ‘முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள். சரிபார்த்து முடியும்வரை அசையாதீர்கள். இருபத்துநாலு மணி நேரம் வரை ஆகலாம்.’ ஊரில் எல்லோரும் முகத்தைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். இவர் அசையவில்லை. மறுநாள் மாலைக்குள் வட்டம் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது.

மூட்டைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, வேறு ஊரில் மருந்துக்கடையில் இருக்கும் மகளோடு போய் இருப்பதாகத்தான் திட்டம். மகள் ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தாள். மனைவி அந்த வாரமே பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். அவர் குளித்தது வாளியிலும் துணியிலும். தூங்கும்போது தலையை வட்டமே தாங்கிக்கொண்டது. வாங்கியதன் மதிப்பு மூன்றாம் வருடம் அந்த வீட்டை வாங்கும் அளவுக்கு ஏறியது, நாலாம் வருடம் ஒரு சைக்கிள் அளவுக்கு இறங்கியது, ஏழாம் வருடம் தெருவில் பாதியை வாங்கலாம் என்றானது. ஓட்டுநர் ஞாயிறுதோறும் வந்து எட்டிப் பார்ப்பார். “அண்ணே, மூஞ்சியில ஒளி வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல ஆளுங்க கும்பிட வந்துடுவாங்க.”

ஒன்பதாம் வருடம் ஒரு மத்தியானம் வட்டம் அணைந்தது. திரையில், ‘உங்கள் முகம் பதிவிலுள்ள முகத்துடன் பொருந்தவில்லை. மீண்டும் முயல்க’ என்று இருந்தது. அவர் எழுந்து, கழுத்தை நெட்டி முறித்து, வாசலில் நின்று ஒரு டம்ளர் டீ குடித்தார். மனைவி பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

“நாலு மணிக்கு பஸ்ஸு. செருப்பைப் போடுங்க.”

“ஒரே ஒரு தடவைம்மா. இருபத்துநாலு மணி நேரம்னுதான் போட்டிருக்கு.”

“அன்னிக்கும் அதான் போட்டிருந்துச்சு.”

அவர் செருப்பைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். வட்டம் வந்து நின்றது. மனைவி கைக்கெட்டும் இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் போனாள்.

அடுத்த மாதம் அந்த வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்தது. சமையலறையில் ஓர் ஆள் இருப்பதால் வீட்டுக்காரர் வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். தங்கள் சாப்பாட்டில் அவருக்கும் ஒரு தட்டு வைக்கிறார்கள். வட்டத்தின் விளிம்பில் கரித்துணி காயப் போடுகிறார்கள். ஜன்னலோரமாக இருப்பதால் சீக்கிரம் காய்கிறது.