அறுபதில் வரும் நடுக்கம்

அண்ணனின் ஜீப்பைத் தங்கையின் மெக்கானிக் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தியது அண்ணி. அண்ணன் மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தார். அந்தச் சமயம் பார்த்து அண்ணி சாவியைக் கமுக்கமாக எடுத்து வந்துவிட்டாள். வண்டி அறுபதைத் தொட்டால் அடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, பல்லெல்லாம் ஆடுகிறது என்றாள். இரண்டு வருஷமாகச் சொல்லியும் உன் அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றாள்.

தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊரில் நாலு பேர் தேடி வரும் மெக்கானிக் அவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஜீப்பை நாலு அங்குலம் உயர்த்திக் கொடுத்ததே அவள்தான். மலை ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை கல்லும் ஓடையுமாகிப் போனதால் அண்ணன் கேட்டார், செய்தாள். தெருவுக்குள்ளேயே நாற்பதில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இனி பாறை மேலேயே ஏறலாம் என்று பீற்றிக்கொண்டாள்.

ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் மூக்கால் அழுகிற மனிதர், இதைப் பற்றி மட்டும் மூச்சே விடவில்லை. தங்கை மனசு நோகுமே என்று விழுங்கியிருக்கிறார். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஒரு காலத்தில் காற்றாய்ப் பறந்தவர் அவர். இந்த இரண்டு வருஷமாக அறுபதைத் தாண்டுவதே இல்லை. தினமும் அவர் ஏற்றிப் போய் இறக்கி வரும் ஆறு நர்சுகளும் 'அறுபது அண்ணன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வயசானதும் புத்தி வந்துவிட்டது என்று இவளும் சேர்ந்து கிண்டல் செய்திருக்கிறாள்.

வண்டியைப் பெரிய ரோட்டுக்கு எடுத்துப் போனாள். சொன்னபடியே அறுபதில் ஆரம்பித்தது. கியரை நியூட்ரலில் தள்ளி உருளவிட்டாள். அப்போதும் நடுங்கியது. ஆக, இன்ஜின் மேல் பழி இல்லை. சக்கரங்களைப் பேலன்ஸ் பார்த்தாள், சரியாக இருந்தன. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள கிராஸ் இணைப்புகளை ஆட்டிப் பார்த்தாள், தளர்வில்லாமல் கல்லாய் நின்றன. பிறகு கீழே படுத்து, கோணமானியை வைத்து அளந்தாள்.

கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் அந்த நீள ஷாஃப்ட், இரண்டு முனையிலும் ஒரே அளவு சாய்வில் சேர வேண்டும். அப்போதுதான் ஒரு முனையில் வரும் தடுமாற்றத்தை இன்னொரு முனை விழுங்கும். வண்டியை உயர்த்தியபோது, பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கு திரும்பிவிட்டது. ஐந்து டிகிரி வித்தியாசம். தொழில் பழக வந்த முதல் வருஷத்தில் பார்க்க வேண்டிய விஷயம். வண்டியின் அடியில் படுத்தபடியே தன்னை நன்றாகத் திட்டிக்கொண்டாள்.

அளவாகச் சீவிய இரண்டு இரும்பு ஆப்புகளை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் கொடுத்து, புது யூ போல்ட் போட்டு இறுக்கினாள். மறுபடி அளந்தாள். எண்பதில் ஓட்டிப் பார்த்தாள். வண்டி தூங்கும் குழந்தை மாதிரி போனது.

மறுநாள் காலை, காய்ச்சல் விட்டு, அண்ணனே வந்தார். தப்பு தன்னுடையதுதான் என்று அவள் ஒப்புக்கொண்டபோது அவர் முகம் மலரவில்லை. யார் சரிபண்ணச் சொன்னது என்று மட்டும் கேட்டார். அதுவும் பெருந்தன்மை என்றே அவள் நினைத்தாள். பக்கத்தில் ஏறிக்கொண்டு, ஓட்டிப் பார்க்கச் சொன்னாள்.

ரோடு காலியாகக் கிடந்தது. ஒரு நர்சின் கல்யாணப் பேச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். முள் எழுபதைத் தாண்டியது, எண்பதைத் தாண்டியது. புதுச் சுகத்தை அனுபவிக்கிறார் என்று சிரித்துக்கொண்டாள். தொண்ணூறு தாண்டியதும் சிரிப்பு நின்றது. எதிரே வளைவு வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, எவ்ளோ வேகத்துல போறோம்?"

"அறுபதுகூட இருக்காது. இன்னும் நடுக்கமே வரலையே."

முள் தொண்ணூற்றைந்தில் நின்றது, அவர் கண்ணுக்கு நேராக.

"தொண்ணூத்தஞ்சுண்ணா. காலை எடுங்க."

எடுத்தார். வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தினார். நிறுத்திய பிறகும் கை ஸ்டியரிங்கை விடவில்லை. நேரே எதைப் பார்த்தாலும் நடுவில் அழிந்து தெரிகிறது என்றார். ஓரங்கள் தெரிகின்றன, அதை வைத்துத்தான் ஓட்டுகிறார். எழுத்து தெரியாது, முள் தெரியாது. போன பார்வை இனித் திரும்பாது என்று கண் டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. அண்ணிக்குக்கூடத் தெரியாது. அந்த நேரத்தில்தான் வண்டி உயர்ந்தது, அறுபதில் நடுக்கம் வந்தது, அதையே மீட்டராக வைத்துக்கொண்டார்.

"நீ பண்ணின தப்புதான் பாப்பா என்னை இத்தனை நாள் ஓட்ட வச்சுது. அதைத் திருப்பிக் குடு."

அவளுக்குச் சேமித்து வைத்திருந்த பெருமிதமெல்லாம் வடிந்துபோனது. அவர் அவளுக்காக எதையும் விழுங்கவில்லை. கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. ஆப்பைக் கழற்ற அரை நாள் போதும். கழற்றினால் நாளைக் காலையில் வண்டி வழக்கம்போல் அந்த ஆறு பேர் முன்னால் போய் நிற்கும்.

"மாட்டேன்ணா," என்றாள். "கழட்டிட்டா, அந்த ஆறு பேரையும் இதுல ஏத்தி விடறது நான்தான்."

இரண்டு லாரிகள் கடந்து போயின. பிறகு அவர் இறங்கி, பானட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். அவள் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்தாள். ஏறி உட்கார்ந்தவர் பெல்ட்டைப் பழக்கத்தில் மறு தோள்பக்கம் தேடினார். பன்னிரண்டு வருஷமாக இந்த வண்டியை வைத்திருப்பவர், இந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அவள் எட்டி இழுத்து மாட்டிவிட்டாள்.

அவள் வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பி ஓட்டினாள்.

"இப்ப எவ்ளோ?" என்று கேட்டார்.

"அறுபது."

செருப்பைக் கழற்றி, வெறும் பாதத்தை வண்டியின் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். வெகு நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"நல்லா பண்ணியிருக்க பாப்பா," என்றார்.