சட்டை முதுகில் சீனிச்சாமி

எம். புதுப்பட்டி செல்வலட்சுமிக்குத் தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றுகிற வேலை. அங்கே எல்லாப் பெண்களையும் போல அவளும் சேலைக்கு மேலே புருஷனுடைய பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வாள். பட்டாசு மருந்து சேலையில் ஒட்டக்கூடாது என்பதற்காக.

போர்மேன் சீனிச்சாமி கெட்டவர் இல்லை. ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கத்துவார். பதிலுக்குக் கத்தினால் மறுநாள் வேலைக்குக் கூட்டிப்போகிற கம்பெனி வேன் வீட்டு முன்னால் நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வலட்சுமி ஊசியையும் நூலையும் எடுத்து, சட்டையின் முதுகில் ஒரு கழுதையைத் தைத்தாள். வாயைப் பிளந்து கத்துகிற கழுதை. முன்பல் இரண்டும் வெளியே தெரியும்படி வைத்து, மேலே சீனிச்சாமியின் முறுக்கு மீசையைக் கறுப்பு நூலில் வளைத்துவிட்டாள். தைத்து முடித்தபோது தலைவலி விட்ட மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை வேனில் கம்பெனி வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை. சீனிச்சாமி வழக்கம்போல் பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குதிரைக்குக் காட்டன் நூலுதானே போட்டிருக்க?" என்றார்.

"காட்டன்தான் அண்ணாச்சி."

கழுதை அவர் கண்ணுக்குக் குதிரையாகத்தான் தெரிந்தது. பாலியஸ்டர் என்றால் தீப்பொறி பறக்கும், அது மட்டும்தான் அவர் கவலை. போய்விட்டார்.

அந்த மாதம் முதலாளி சண்முகவேலின் மகள் ஹர்ஷினி கம்பெனிக்கு வந்தாள். சென்னையில் ஆடை வடிவமைப்புப் படித்தவள். செல்வலட்சுமியின் முதுகைக் கண்டதும் நின்றுவிட்டாள். கண் கலங்கிவிட்டது. பொதி சுமந்து பொதி சுமந்து வாய்விட்டு அழுகிற பெண்ணைத்தானே தைத்திருக்கிறீர்கள், இது உங்கள் வலிதானே அக்கா என்று கேட்டாள். மீசையைப் பற்றி அவள் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்று செல்வலட்சுமி தலையை மட்டும் ஆட்டிவைத்தாள்.

சட்டையைக் கண்காட்சியில் வைக்க ஹர்ஷினி கேட்டு வாங்கிக்கொண்டாள். துவைக்கவே கூடாது, மருந்துக் கறையும் கலைதான் என்று சொல்லியிருந்தாள். முதலாளி வீட்டுக்கு அழுக்குச் சட்டையையா கொடுப்பது என்று செல்வலட்சுமி இரண்டு தடவை சோப்புப் போட்டு, கஞ்சியும் போட்டு, தேய்த்துத்தான் கொடுத்தாள். ஹர்ஷினி கறையைப் பெயிண்ட்டால் திரும்ப வைத்தாள்.

கண்காட்சி சிவகாசியில் ஒரு ஏ.சி. மண்டபத்தில் நடந்தது. கம்பெனிப் பெண்களையெல்லாம் சீனிச்சாமியே வேனில் கூட்டிப்போனார். சட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. கீழே ‘உழைக்கும் பெண்ணின் மௌனம்’ என்று எழுதி, ஹர்ஷினியின் பெயர் பெரிதாகவும் செல்வலட்சுமியின் பெயர் சின்னதாகவும் இருந்தது. வந்தவர்கள் நின்று பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். மீசையைக் காட்டி, பெண்ணின் முகத்தில் ஏறி உட்கார்ந்த ஆணாதிக்கம் அது என்று ஒருவர் விளக்கம் சொன்னார்.

கூட்டம் விலகியதும் சீனிச்சாமி கண்ணாடி முன்னால் போய் நின்றார். கழுதைக்கு மேலேயே அவருடைய முகம் கண்ணாடியில் தெரிந்தது. மீசைக்கு மீசை சரியாகப் பொருந்தியது. கையால் மீசையைத் தடவிப் பார்த்தார். பிறகு செல்வலட்சுமியைப் பக்கத்தில் கூப்பிட்டு, முதன்முறையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இது நான்தானே?"

ஆமென்றால் வேலை போகும். ஆனாலும் பொய் வரவில்லை. "ஆமா அண்ணாச்சி."

"நான் அம்புட்டா கத்துதேன்?"

"அம்புட்டு."

அவர் சண்டை போடவில்லை. முதலாளியும் மகளும் அங்கேயே நிற்கும்போது அந்தக் கழுதை நான்தான் என்று அவர் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த மண்டபத்தில் படத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். திரும்பும் வழியெல்லாம் வேனில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாளிலிருந்து சீனிச்சாமி கத்துவதை விட்டுவிட்டார். ஹர்ஷினி வந்து, அதே வலியோடு இன்னும் பத்துச் சட்டை வேண்டும் என்றாள். செல்வலட்சுமி முயன்றுதான் பார்த்தாள். கழுதை வரவில்லை. கடைசியில் ஒரு சட்டையில், வீட்டுக் கூரையில் காய்த்துக் கிடந்த பூசணிக்காயை, குண்டாக, மஞ்சள் நூலில் தைத்துக் கொடுத்தாள். மனசு நிறைந்துதான் தைத்தாள். ஹர்ஷினி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நீங்க இல்லையே அக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

செல்வலட்சுமி அதையே மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். சீனிச்சாமி பின்னால் வந்து நின்றார். நூலைப் பற்றிக் கேட்கவில்லை. பூசணிக்காயை மேலும் கீழும் பார்த்தார். ஆபீஸ் வாசலில் வேட்டியை இறுக்கிக்கொண்டு நின்ற சண்முகவேலின் வயிற்றையும் ஒரு தரம் பார்த்தார்.

"முதலாளியா?" என்றார் காதோரமாக.

"ஐயோ, வெறும் பூசணிக்காய்தான் அண்ணாச்சி."

அவர் நம்பவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போனார்.